வியாழக்கிழமை நோன்பு

வியாழக்கிழமை மதியம் சவேரியோ பெரியவர் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். வாயால் சொல்லவில்லை. சொல்ல அவரால் முடியாது. பக்கவாதம் வந்ததில் வலது கையும் வலது காலும் போனதோடு பேச்சும் போய், ஒரே ஒரு வசவு மட்டும் மிஞ்சியிருந்தது. "நாசமாப் போச்சு!" காபி நன்றாக இருந்தாலும் அதுதான், ஆறிப் போயிருந்தாலும் அதுதான். எந்த நாசம் நல்ல நாசம், எந்த நாசம் கெட்ட நாசம் என்பது அவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு அதுவும் வரவில்லை. அரிசியையும் உருளைக்கிழங்கையும் சிப்பியையும் அடுக்கி வேகவைத்து, அவருக்கென்று மசித்து, ஆறவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு இடது கையை நீட்டி ஸ்பூனை என்னிடமிருந்து வாங்கினார். தானே சாப்பிடப் போகிறார் என்று நான் பூரித்துப் போனேன். அவரோ அதைத் தட்டின்மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஜார்ஜியாவில் ஒருவர் தட்டில் பாதியை மிச்சம் வைத்தாலே சமைத்தவள் முகம் செத்துப்போகும். நான் விடுவேனா? சூப் வைத்தேன். பாலாடையில் தேன் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த தெருவுக்கு ஓடி அவருக்குப் பிடித்த பாதாம் இனிப்பை வாங்கி வந்து மூக்குக்கு நேரே காட்டினேன். தண்ணீர் மட்டும் குடித்தார். இரவும் அப்படியே படுத்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் காலையில் பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கொண்டுபோனால், ஸ்பூனைக் கடித்துவிடுவார் போல அப்படி ஒரு பசி. "நாசமாப் போச்சு, நாசமாப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே தட்டை வழித்துவிட்டார். சரி, ஏதோ மனசு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். அடுத்த வியாழக்கிழமையும் ஸ்பூன் கவிழ்ந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவர் மனைவி ஃபிலோமேனா இறந்தது ஒரு வியாழக்கிழமை என்று கீழ்வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறாள். எங்கள் சபையில் புதனும் வெள்ளியும் நோன்பு. போனவர்களுக்காக அவர்கள் போன கிழமையிலும் வயிற்றைக் காயப்போடுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பாவம், பேச வராத மனுஷர், பெண்டாட்டிக்காக நோன்பு இருக்கிறார், நானோ பாதாம் இனிப்பை மூக்கில் ஆட்டியிருக்கிறேன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபிலோமேனா அம்மாளின் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினேன். வீட்டுப் பெரியவர் பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் அடுக்களையில் நின்று மொக்குவதா? நானும் அன்றிலிருந்து வியாழக்கிழமை சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். படத்துக்கு முன்னால் நான் சிலுவை போட்டுக்கொண்டபோது பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நன்றியோடு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் லமாரா. ஊர் ஜெஸ்தாபோனி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாமல் ஏறினவர்களை எத்தனையோ பேரை, கர்ப்பிணி என்று வயிற்றில் தலையணை வைத்தவளைக்கூட, அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறேன். அதற்குத்தானோ என்னவோ, இப்போது ஐந்து வருஷமாக நானே டிக்கெட் இல்லாத பயணி. சுற்றிப் பார்க்க வந்தவள் என்று மூன்று மாதம் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் ஊருக்குப் போகலாம், ஆனால் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். பாரி என்கிற இந்த அயல்நாட்டுத் துறைமுக நகரத்தில் என்னைப் போல ஏகப்பட்ட பேர். எல்லோருக்கும் ஒரே வேலை, வயதானவர்களோடு வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்வது. பேப்பர், அதாவது தங்கி வேலை செய்ய அனுமதி, உள்ளவர்களுக்கு ஞாயிறும் வியாழன் மதியமும் ஓய்வு. வியாழக்கிழமை மதியம் ஸ்டேஷன் எதிரே உள்ள பூங்காவுக்குப் போனால் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடாய்சி சந்தையில் நிற்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். நான் போய் நின்றதில்லை.

பெரியவரின் மகன் ருஜ்ஜேரோ எனக்கு ஓய்வு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை. நாற்பத்தைந்து வயசு, மருந்துக்கடையில் வேலை, பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள், கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். "லமாரா, நீங்க எங்க வீட்டுப் பொம்பளை மாதிரி. வெளிய யாராவது கேட்டா குடும்ப நண்பர், விருந்தாளியா வந்திருக்கேன்னு சொல்லுங்க. பேப்பர் இல்லாம லீவு, ஞாயித்துக்கிழமைன்னெல்லாம் பேச முடியாது, புரியுதில்ல? உங்க ஆளுங்க யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. அக்கம்பக்கம் ஒரு மாதிரி." எனக்குப் புரிந்தது. காலையில் பெரியவர் கண்ணயரும் அரை மணியில் சந்தைக்கு ஓடி, மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவருவதுதான் நான் பார்த்த பாரி.

என் தங்கை சிசினோ முக்கால் மணி ரயில் தூரத்தில், மோனோபோலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே கதி. ஒரே நாட்டில், ஒரே கடற்கரையில் இருந்துகொண்டு, முந்தின வருஷத்து ஈஸ்டருக்குப் பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. போனில் மட்டும் பார்ப்போம். ஆகஸ்டில் அவளுடைய கிழவி இறந்தாள். முட்டிவலி தாங்காமல், இன்னொரு வீடு தேட வலுவில்லாமல், சிசினோ ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தாள். அவள் போய்விட்டால் திரும்ப வர முடியாது. நான் போனால் என் மகளின் படிப்பு நின்றுவிடும், ஆகவே நான் போக முடியாது. இனி எப்போது பார்ப்போம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு மதியம், அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு அப்போது உலகத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை.

இந்தக் கதையை ஒரு வியாழக்கிழமை மதியம் பெரியவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவருடைய பழைய கூட்டாளி மிங்குச்சோ சீட்டாட வந்திருந்தார். இரண்டு பேரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள். ஒற்றைக் கையால் சீட்டு பிடிக்க முடியாதே என்று மிங்குச்சோ பலகையில் பிளவு வெட்டி ஒரு தாங்கி செய்து கொண்டுவந்திருந்தார். அப்படியும் அந்தத் தாங்கிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஏமாற்றுவார், அது வேறு விஷயம். நான் சிசினோவோடு போனில் பேசி அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு காபி கொண்டுபோனேன்.

"ஏம்மா லமாரா," என்றார் மிங்குச்சோ. "ஊர்ல இருக்கற ஜார்ஜியாப் பொம்பளைங்க அத்தனை பேரும் பூங்காவுல கூடி எங்களை மாதிரிக் கிழடுகளைப் பத்தி வம்பளந்துட்டு இருக்காளுங்க. நீ மட்டும் இங்க என்ன பண்றே? அவளுகளோட சண்டையா?"

"எனக்குப் பேப்பர் இல்ல ஐயா. பேப்பர் இல்லாதவளுக்கு வியாழக்கிழமையும் இல்ல."

"இதை யாரு சொன்னது?"

"நம்ம ருஜ்ஜேரோதான். வேற யாரு?"

பிறகு சிசினோ கதையையும் சொன்னேன். பெரியவர் கையிலிருந்த சீட்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் முதல்முறையாக ஸ்பூன் கவிழ்ந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கிழமை பார்த்து ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் எங்களுக்கு நோன்பு தவிர வேறெதுவும் தோன்றாது. மிங்குச்சோவும் தரந்தோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இல்லாவிட்டால் முதல் வாரமே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாவது வியாழக்கிழமை சாயங்காலம் ருஜ்ஜேரோ மருந்தும் துணிகளும் கொண்டுவந்தான். மதியத் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்து முகம் மாறினான்.

"அப்பா சாப்பிடலையா? உடம்பு சரியில்லையா?"

"இன்னிக்கு வியாழக்கிழமை தம்பி," என்றேன் பெருமையாக. "அப்பா நோன்பு. கூட நானும் இருக்கேன்."

"என்னது?"

"நோன்பு. உங்க அம்மாவுக்காக."

ருஜ்ஜேரோ என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவத்தியைப் பார்த்தான். "எங்க அப்பாவா? நோன்பா? லமாரா, அவரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக எங்கம்மா ஆயுசு பூரா மல்லுக்கு நின்னாங்க. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்குக்கூட வாசல்ல நின்னு சிகரெட் பிடிச்ச மனுஷன் இவரு!"

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. தரந்தோவிலிருந்து திரும்பிய மிங்குச்சோ, கையில் மகள் கொடுத்தனுப்பிய ஆலிவ் டப்பாவோடு உள்ளே வந்தார். கட்டிலருகே போனவர் தட்டைப் பார்த்தார். கவிழ்ந்திருந்த ஸ்பூனைப் பார்த்தார். ஆலிவ் டப்பாவை என் கையில் திணித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட கிழட்டுப் பயலே! கொக்கியைக் கவுத்து வச்சிட்டியாடா!" என்று பெரியவரின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "துறைமுகத்துல வேலைநிறுத்தம்னா நாங்க கத்த மாட்டோம். மூட்டை தூக்கற கொக்கியைக் கொண்டாந்து கேட்டுக்கு முன்னாடி கவுத்து வச்சிட்டு அவனவன் வீட்டுக்குப் போயிடுவோம். காலைல மேஸ்திரி வந்து பார்த்தா வரிசையா கொக்கிங்க கிடக்கும், ஆள் இருக்க மாட்டான். டேய் ருஜ்ஜேரோ, உங்கப்பன் உனக்கெதிரா ஸ்டிரைக் பண்றான்டா! என்ன சவேரியோ, இந்தப் பொம்பளையோட வியாழக்கிழமைக்காகத்தானே?"

பெரியவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். "நாசமாப் போச்சு!" என்றார். அப்படி ஒரு குரலை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எனக்கு மானம் போயிற்று. இரண்டு வாரமாக மெழுகுவத்தி ஏற்றி, இறந்துபோன ஒரு புண்ணியவதிக்காகப் பட்டினி கிடந்தவள், கடைசியில் பார்த்தால் எனக்காக நடந்த போராட்டத்தில் என்னை அறியாமல் நானும் சேர்ந்துகொண்டிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் ருஜ்ஜேரோ சிரிக்கவில்லை.

"நான்தான் தூண்டிவிட்டேன்னு நினைக்காதீங்க தம்பி," என்றேன்.

"நீங்க தூண்டிவிட்டீங்களோ இல்லையோ, சாப்பிடாம செத்தா போலீஸ் யார்கிட்ட வரும்? என்கிட்ட. வந்தா முதல்ல யாரைப் பார்க்கும்? உங்களை." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினான். "லமாரா, உங்களுக்கு லீவு குடுக்கக்கூடாதுன்னு எனக்கென்ன வேண்டுதலா? லீவு குடுத்தா உங்களை வேலைக்கு வச்சிருக்கேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அபராதம் கட்ட எங்க போவேன்? இப்ப நீங்க விருந்தாளி. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

விருந்தாளி! அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த டிக்கெட் பரிசோதகி எழுந்து நின்றுவிட்டாள். "எங்க ஊர்ல விருந்தாளியைக் கடவுள் அனுப்பி வச்ச ஆள்னு சொல்லுவோம் தம்பி. மேசைக்குத் தலைப்பக்கம் உட்கார வைப்போம். நடுராத்திரி எழுப்பி ஈரத்துணி மாத்தச் சொல்ல மாட்டோம். எனக்கு இந்த விருந்தெல்லாம் செரிக்கல. நான் வேலைக்காரி. அதைச் சொல்றதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

"அப்படிப் போடு," என்றார் மிங்குச்சோ. "நானும் நம்ம சங்கத்துல கேட்டுட்டேன் ருஜ்ஜேரோ. தரந்தோ போறதுக்கு முன்னாடியே கேட்டேன். பேப்பர் இல்லாதது அவ இந்த நாட்டுல இருக்கறதுக்குத்தான். வேலை வேலைதான். ஓய்வு, கூலி, அடிபட்டா வைத்தியம், எல்லாம் பேப்பர் இருக்கறவளுக்கு என்னவோ அதேதான் இவளுக்கும். உலகத்து நாடெல்லாம் கூடி எழுதி வச்சிருக்காம், மனுஷனாப் பொறந்த எவனுக்கும் ஓய்வு உண்டுன்னு. ஜெர்மன்காரனுக்கு உண்டு, ஜார்ஜியாக்காரிக்குக் கிடையாதுன்னு எழுதல."

"எழுதி வச்ச ஆளுங்க வந்து கதவைத் தட்டினா சொல்லுங்க ஐயா, நான் போய்த் திறக்கறேன்," என்றேன். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

"சட்டம் பேசறது சுலபம் மிங்குச்சோ மாமா," என்றான் ருஜ்ஜேரோ. "அப்பாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறினா சங்கமா வரும்?" பிறகு கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் செத்த கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, நான் உங்க புள்ளை. முதலாளி இல்ல. என்னை ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க?" எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெரியவர் இடது கையைத் தூக்கி மகனின் கன்னத்தில் வைத்தார். சின்னப் பையனைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினார். ருஜ்ஜேரோ அவசரமாக ஸ்பூனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். உதடு மறுபடி இறுகிவிட்டது. பிள்ளை மேல் பாசம் வேறு, வேலைநிறுத்தம் வேறு போல. போகும்போது ருஜ்ஜேரோ, என் முகத்தைப் பார்க்காமல், இது இப்படியே போனால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை ரொட்டியை ஊட்டிக்கொண்டே நான் பெரியவரிடம் சண்டை போட்டேன். "நான் கேட்டேனா? எனக்காகப் பட்டினி கிடங்கன்னு உங்க கால்ல விழுந்தேனா? உங்களுக்கு என்ன, சொந்த வீடு, சொந்தக் கட்டில். தோத்தாலும் இங்கதான் படுப்பீங்க. என்னை வெளிய போன்னு சொன்னா நான் எந்தப் பாலத்துக்கடியில படுப்பேன்? போதும் ஐயா. நிறுத்திக்கோங்க. தயவுசெஞ்சு." அவர் மென்றுகொண்டே கேட்டார். ரொட்டி முடிந்ததும் என் சமையல் ஏப்ரனின் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ரகசியம் சொல்வது போல, "நாசமாப் போச்சு" என்றார். எந்த வகை நாசம் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நிறுத்த மாட்டார். எனக்காக ஒருவர் பிடிவாதம் பிடித்து எத்தனை காலமாகிறது என்று நினைத்ததும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அவர் முன்னால் அழுதால் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை சிசினோ கூப்பிட்டாள். வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவி கொடுக்கும் வரை கிழவி வீட்டார் விடமாட்டேன் என்கிறார்களாம். வியாழக்கிழமை மதிய ரயிலில் நேரே பாரி வருகிறாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்திலிருந்து சாயங்காலம் ஜார்ஜியா போகும் வேன் கிளம்பும். "சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு அரை மணி வாயேன்க்கா. பார்த்துட்டாவது போறேன்," என்றாள். மதியத்தில் எந்தச் சந்தை? நான் ருஜ்ஜேரோவைக் கூப்பிட்டு, வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"வேற எந்தக் கிழமைன்னாலும் யோசிப்பேன் லமாரா," என்றான். "வியாழக்கிழமை முடியாது. இப்ப விட்டா அப்பா ஜெயிச்சதா ஆயிடும். அப்புறம் ஒண்ணொண்ணுக்கும் பட்டினி கிடப்பார். நீங்களே சொல்லுங்க." வேலைநிறுத்தத்தால் வந்த லாபம் இதுதான்! போனை வைத்துவிட்டுப் பெரியவரைத் திட்டலாம் என்று திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்ட வாய் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் தட்டை வைத்தேன். ஸ்பூன் கவிழ்ந்தது. நான் அதை நிமிர்த்தவில்லை. அடுக்களைக்குப் போய், காலையில் சுட்டு வைத்த சீஸ் ரொட்டியைத் துணியில் சுற்றினேன். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியின் அடியிலிருந்த பூட்சை எடுத்துத் துடைத்தேன். தலை வாரினேன். உதட்டுக்கு லேசாகச் சாயம்கூடப் போட்டேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். முந்தின நாளே போனில் நான் கேட்டுக்கொண்டபடி மிங்குச்சோ வந்துவிட்டார். மாத்திரை எங்கே, எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், தண்ணீரை எப்படிச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் காட்டினேன்.

"போம்மா, போ. நான் மூட்டை தூக்கினவன். இவன் என்ன, அரை மூட்டை," என்றார். "இவனுக்கு ஏதாவதுன்னா உடனே போன் அடிக்கறேன். என் போன் வரலேன்னா இவன் கல்லு மாதிரி இருக்கான்னு அர்த்தம்."

கட்டிலருகே போனேன். "நான் போறேன் ஐயா," என்றேன். "எனக்காகத்தானே இத்தனையும்? இதோ போறேன். இப்ப சாப்பிடுங்க." அவர் கண்ணை என் பூட்சுக்குக் கொண்டுபோனார், பிறகு பைக்கு, பிறகு கதவுக்கு. நம்பவில்லை. நான் வாசல்படியைத் தாண்டி, வெளியே நின்று, திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் அந்த மனுஷர் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மிங்குச்சோ தடுமாறி ஸ்பூனை நிமிர்த்தினார். முதல் வாயை விழுங்கிவிட்டு அவர் போட்ட "நாசமாப் போச்சு" மாடிப்படியில் எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ருஜ்ஜேரோ மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தான். மிங்குச்சோ வந்ததைக் கீழ்வீட்டு அம்மாள் போனில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவனுக்கே மனசு கேட்கவில்லை. என் உதட்டுச் சாயத்தைப் பார்த்தான். பையைப் பார்த்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எனக்கு இன்னிக்கு வியாழக்கிழமை தம்பி."

"போனீங்கன்னா... திரும்பி வரும்போது என்னன்னு என்னால இப்ப சொல்ல முடியாது லமாரா."

"தெரியும்," என்றேன். "அப்பா சாப்பிட ஆரம்பிச்சிட்டார். மிங்குச்சோ கண்ட மாதிரி ஊட்டுவார். நீங்க போய் ஊட்டுங்க. சின்னச் சின்ன வாயா." குறுகலான படி. ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். அவன் அப்பா இருந்த மேல்மாடிப் பக்கம் பார்த்தான். பிறகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டான்.

மைதானத்தில் பெட்டிகளும் எண்ணெய் டின்களும் சோப்புத்தூள் மூட்டைகளும் மலையாகக் கிடந்தன. வேன்காரர் எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மரத்தடி பெஞ்சில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, முட்டியை நீவிக்கொண்டு சிசினோ. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் கையை மட்டும் விரித்தாள். எவ்வளவு நேரம் கட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரியாது.

"நல்லா குண்டாயிட்டேக்கா."

"நீ மட்டும் என்ன, ரம்பையா? தலையைப் பாரு. சாயம் போட ஒரு ஆளு கிடைக்கலையா?"

"சந்தைக்குன்னு சொல்லிட்டு வந்தியா? எப்பத் திரும்பணும்?"

"சந்தையும் இல்ல, கிந்தையும் இல்ல. எனக்கு இன்னிக்கு லீவுடி. நீ வண்டி ஏறற வரைக்கும் இருப்பேன்."

"நிஜமாவா?" என்றாள். லீவு என்ற அந்த வார்த்தையை நானே காதால் கேட்டு நம்ப வேண்டியிருந்தது. பெரியவர் கதையைச் சொன்னேன், நோன்பு இருந்ததைச் சொன்னேன். பெஞ்சில் புரண்டு சிரித்தாள். "உன்னைத்தவிர வேற எவளும் இப்படி ஏமாற மாட்டாக்கா." சீஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். உனக்கு எவ்வளவோ சொல்லணும், வரிசையாக யோசித்து வைத்திருக்கிறேன் என்றாள். முதலில் அவளுடைய கிழவி கடைசி நாளில் என்ன செய்தாள் என்பதில் ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் குரல் தேய்ந்தது. திரும்பிப் பார்த்தால் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. தூங்கிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி, ஒரு வாழ்க்கையையே பணயம் வைத்து வந்திருக்கிறேன், எத்தனை காலம் கழித்துப் பார்க்கிறோம், தூங்குகிறாளே! உலுக்கி எழுப்பலாம் என்று கையைத் தூக்கினேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். தரை கழுவும் மருந்தில் விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது. கிழவி உயிரோடு இருந்தவரை மணிக்கு ஒரு தடவை எழுப்புவாளாம். செத்த பிறகு வீடு கழுவும் வேலை. இவள் கடைசியாக முழுத் தூக்கம் தூங்கியது எப்போது? எனக்குத் தெரியும். எனக்கும் அதே கணக்குதான். மெல்ல அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். என் மேல்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினேன். நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினால்கூட எழுந்துவிடுவாளோ என்று பயந்து, கையைக் காற்றிலேயே வைத்திருந்தேன்.

பையில் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். மிங்குச்சோ இல்லை, ருஜ்ஜேரோ. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அப்பா தட்டைக் காலி செய்துவிட்டார் என்று சொல்லக் கூப்பிடுகிறானா, உங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லக் கூப்பிடுகிறானா? பேசினால் இவள் விழித்துக்கொள்வாள்.

வேன்காரர் கையில் ஒரு பெட்டியோடு எங்களைப் பார்த்து வந்தார். "சிசினோ யாரு? மோனோபோலி சிசினோ! வண்டியில இடம் போட..." என்று கத்த ஆரம்பித்தவர், என் மடியைப் பார்த்து நிறுத்தினார். நான் உதட்டில் விரலை வைத்து, கொஞ்சம் என்று கையால் காட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, சிசினோவின் பெட்டிகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு போனார். பைக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது. அதை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். என் தங்கை லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.